உப்புக் கரிக்கும் நெற்றி – 6: தலைப்பாலும் குளிசையும்

சென்ற வாரம் இருமலோடு நிறுத்தியிருந்தேன். இன்று சாப்பாட்டுக் கோப்பைக்கு வருவோம்.

"நல்லாத்தான் சாப்பிடுறான், உடம்பிலை ஒட்டுதில்லை." யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்லாத தாய் குறைவு. பூச்சி மருந்து கொடுப்போம், நாவூறு கழிப்போம். அநேகமான பிள்ளைகளுக்குக் காரணம் சாதாரணமானதுதான். ஆனால் அந்தப் பேச்சோடு விட்டுவிட்டு வரும் சளியிருமலும், எண்ணெய் மினுங்கி மணக்கும் மலமும், கொஞ்சும்போது நெற்றியில் உப்புக் கரிப்பும் சேர்ந்தால், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயா என்று பார்க்க வியர்வைப் பரிசோதனை செய்யலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஒன்ராறியோவில் 2008 முதல் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் இரத்தத்துளியிலேயே இந்த நோயைத் தேடுகிறார்கள். இங்கே தாயின் கண்தான் முதலில் தேட வேண்டும்.

1938இல் நியூயோர்க்கில் டொரதி அண்டர்சன் சிஸ்டிக் ஃபைப்ரோசிசைத் தனி நோயாக விவரித்தபோது, கணையத்தை வைத்தே பெயர் சொன்னார். இந்த நோயில் கலங்களில் உப்பு வந்துபோகும் வாசல் பழுது. அதனால் நெஞ்சில் சளி இறுகுகிறது; கணையத்தின் குழாயும் அடைபட்டு, சமிபாட்டு நொதியம் குடலுக்கு வந்து சேருவதில்லை. தின்ற கொழுப்பு அப்படியே வெளியேற, ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் கூடவே போய்விடுகின்றன.

கொழுப்புச் செமிக்காதென்றால் கொழுப்பைக் குறை என்றுதான் பல ஆண்டுகள் வைத்தியர்கள் சொல்லிவந்தார்கள். இன்று எங்கள் சனம் நிறைந்த ரொறன்ரோவில், 1970களில், சிறுவர் வைத்தியசாலையின் டக்ளஸ் குரோசியர் அதை மறுத்தார். முழுப்பால், பட்டர், முட்டை எல்லாம் கொடுங்கள், நொதியத்தையும் தாராளமாகக் கொடுங்கள் என்றார். 1988இல் ரொறன்ரோ நோயாளரையும், பழைய முறைப்படி கொழுப்பைக் குறைத்த பொஸ்டன் நோயாளரையும் ஒப்பிட்டார்கள். சுவாசப்பையின் திறன் இரு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ரொறன்ரோப் பிள்ளைகள் உயரமாக இருந்தார்கள். உயிர்வாழ்வின் இடைநிலை வயது பொஸ்டனில் 21, ரொறன்ரோவில் 30. ஒன்பது வருடம்! எனக்கு இன்றும் இந்தக் கணக்கைப் படிக்க நெஞ்சு அடைக்கும்.

சதை பிடிக்காத பிள்ளைக்கு இருமிச் சளியை வெளியே தள்ளப் பெலன் இராது. கிருமி தங்கும். கிருமியோடு போராடும் உடம்பு இன்னும் சாப்பாடு கேட்கும்.

அந்தக் கொழுப்பு எங்கள் குசினியிலேயே இருக்கிறது. தலைப்பால் விட்ட கறி, நல்லெண்ணெயில் பொரித்த முட்டை, எள்ளுருண்டை, உழுத்தங்களி. பெரியபிள்ளையானவளுக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்வதை இந்தப் பிள்ளைக்கு நாளாந்தம் செய்யுங்கள்.

நொதியக் குளிசை இல்லாமல் இவை வீண். சின்னப் பிள்ளைக்குக் குளிசையின் கூட்டைத் திறந்து, உள்ளிருக்கும் மணிகளைப் புளிப்பான பழமசியல் ஒரு கரண்டியில் தூவி, சாப்பாடு தொடங்கும்போதே ஊட்டவேண்டும். மணிகளை நசுக்கக்கூடாது, பாலில் கலக்கக்கூடாது. முரசிடுக்கில் ஒரு மணி தங்கினாலும் வாய் புண்ணாகும். பிறகு தண்ணீர் பருக்கி, வாயைத் திறந்து பாருங்கள். இந்த நொதியம் பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. சைவக் குடும்பத்துக்கும் முஸ்லிம் குடும்பத்துக்கும் இதை முதலே சொல்லி, ஆறுதலாகப் பேசவேண்டியது வைத்தியரின் கடமை என்றே நினைக்கிறேன்.

வெயில் வேறு. 1948இல் நியூயோர்க்கில் அடித்த வெக்கையில் சுருண்டு விழுந்த பிள்ளைகளில் பலருக்கு இந்த நோய் இருந்தது. அந்த வழியில் போய்த்தான் 1953இல் வைத்தியர் டி சான்ட் அக்னீஸ் இவர்களின் வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி வெளியேறுவதைக் கண்டார். எங்கள் சித்திரை வெயிலில் விளையாடிவிட்டு வரும் இந்தப் பிள்ளையின் கஞ்சியில், வைத்தியர் சொன்ன அளவுக்கு, உப்பைக் கூட்டிப் போடுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது வளர்ச்சிப் பதிவேட்டை மறக்காதீர்கள். இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு உடற்றிணிவுச் சுட்டி 50ஆவது சதமானத்தில் நிற்கவேண்டும் என்பதே இலக்கு. கோடு இரண்டு மாதம் படுத்துக் கிடந்தால், இருமல் இல்லாவிட்டாலும் போய்க் காட்டுங்கள்.

(அடுத்த வாரம்: முதுகு தட்டிச் சளி எடுத்தல்)