பி.டி. சார் வரமாட்டார்

பாலாற்றங்கரைப் பள்ளிக்கூடங்கள் – 9

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி பேசுவது பழைய வழக்கம். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் தன் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பியதோடு கடைசிக் கேலி செல்லாமல் போயிற்று. காலியான அந்த இடத்தில் வேறொன்றைப் போடலாம்: ஆட்டமில்லாத தொடக்கப் பள்ளி. இது வேலூரின் தனிக் குறை அல்ல, தமிழ்நாடு முழுக்க உள்ளதுதான். ஆனால் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரத்தில் இந்தக் குறைக்குச் சில உள்ளூர்க் காரணங்கள் உண்டு. உள்ளூர் விடைகளும் உண்டு.

போன வாரம் காலை உணவுத் திட்டத்தைப் பார்த்தோம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டம், ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியலிலேயே கிளம்பும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எழுதியிருந்தேன். வயிறு நிறைந்த பிள்ளை அடுத்து என்ன செய்கிறது? வகுப்புக்குப் போய் உட்காருகிறது. மணி அடிக்கும்வரை உட்கார்ந்தே இருக்கிறது. ஆறு வயது உடம்பு அதற்காகப் படைக்கப்பட்டதல்ல. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல். அந்த 60 நிமிடம் எங்கே கிடைக்கும் என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

மைதானம் உண்டு, ஆள் இல்லை

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும். வகுப்புதோறும் தேவையான விளையாட்டுப் பொருட்கள் வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆசிரியர் கணக்குக்கு வாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை, மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டினால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை அப்படி யாரும் இல்லை. 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள், 90 வரை மூன்று பேர் என்று போகும் அந்தக் கணக்கில் பி.டி. வாத்தியார் என்ற பேச்சே கிடையாது.

ஆகவே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலோ, ஆம்பூரின் நகராட்சி உருதுப் பள்ளியிலோ ‘பி.டி. சார் எப்போ வருவாரு?’ என்று பிள்ளைகள் கேட்டால், வரமாட்டார் என்பதுதான் நேர்மையான பதில். கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் விளையாட்டு பீரியடைக் கடன் வாங்க வேண்டாம் என்று விளையாட்டுத் துறை அமைச்சர் என்ற முறையில் உதயநிதி ஸ்டாலின் கேட்டுக்கொண்டது பெரிதாகப் பேசப்பட்டது. உயர்நிலைப் பள்ளிக்கு அது பொருத்தமான வேண்டுகோள். ஈராசிரியர் பள்ளியில் கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே டீச்சர். வசூலிக்க ஆள் இல்லாத கடன் அது.

பணியிடம் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பக்கத்துப் பள்ளிகளை இணைக்கும் ஒரு குறுவள மையத்துக்கு ஓர் உடற்கல்வி ஆசிரியராவது கிடைத்தால், அவர் ஐந்தாறு பள்ளிகளைச் சுற்றி வந்து வகுப்பாசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அந்த நியமனம் வரும்வரை பிள்ளைகளின் வயது நின்று காத்திருக்காது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவள் ஐந்தாண்டில் வெளியே போய்விடுகிறாள். அந்த ஐந்தாண்டுக்குள் ஆட்டத்தைக் கொண்டுவர வேண்டியது வகுப்பு டீச்சரும் கால அட்டவணையும்தான்.

பெஞ்சை எடுத்த ஊர்

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு இந்த மண்ணின் கதையே பதில். 1990-களில் வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் குழந்தைத் தொழிலாளர்கள் ஏராளம். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் கொத்தடிமையாக இருந்த பிள்ளைகள் அவர்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி.விஜயகுமார், மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளிகளில் ஒரு சிக்கலைக் கண்டார். நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றியவர்களை இன்னொரு கூரைக்குக் கீழே குனிந்து உட்கார வைத்தால் தங்குவார்களா? மலைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் ரிஷிவேலியில் அட்டைகளையும் குழுக்களையும் வைத்துக் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த முறையை இங்கே முயன்று பார்த்தார்கள்.

அவரே பிறகு சென்னை மாநகராட்சி ஆணையரானபோது, 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கியது. 2007-08-ல் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் அடியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. எழுந்து போய் அட்டை எடுப்பது, கற்றல் ஏணிப்படி அட்டவணையில் தன் இடத்தைப் பார்ப்பது, வரைந்ததைக் கம்பிப் பந்தலில் தொங்கவிடுவது என்று வகுப்புக்குள் நடமாட்டம் வந்தது. அந்த முறையின் கற்றல் பலன் பற்றிப் பல கருத்துகள் உண்டு. 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று வேறு அமைப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் எழுந்து நடந்தால் பாடம் கெடும் என்ற பயத்தை முதலில் உடைத்துப் பார்த்த இடங்களில் ஒன்று இந்த மாவட்டம். இன்று கேட்பது அதன் அடுத்த படிதான்: வகுப்புக்குள் வந்த நடமாட்டம் மைதானத்துக்கும் போக வேண்டும்.

ஒல்லிப் பிள்ளைக்கு எதற்கு ஓட்டம்?

‘எலும்பும் தோலுமா இருக்கான், இவனை வேற ஓட விடணுமா?’ என்று கேட்காத பாட்டி இந்தப் பக்கம் இல்லை. அதற்குப் பதில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஓர் ஆய்வில் இருக்கிறது. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே அளந்து, வளர்ந்த பிறகும் தேடிப் பிடித்துச் சோதித்த நீண்ட ஆய்வு அது. சராசரியாக 28 வயதில் சோதித்தபோதே, நகரத்தில் இருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. சிறு வயதில் மெலிந்திருந்து பிறகு வேகமாக எடை போட்டவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்பு. இன்றைய ஒல்லிப் பிள்ளைதான் நாளைக்குக் கம்பெனியில் எட்டு மணி நேரம் தையல் மெஷின் முன்னால் உட்காரப் போகிறது. சோறு போட்டு, ஓட்டத்தையும் பழக்கி அனுப்ப வேண்டிய பிள்ளை அது.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம். ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் அப்பரைக் கையால் தைப்பவர்களும் பெண்கள்தான். வயதுக்கு வந்த பிறகு தெருவில் ஓடுவதற்கு எத்தனை வீடுகளில் அனுமதி உண்டு என்பது ஊரறிந்த விஷயம். ஆணும் பெண்ணும் கூச்சமில்லாமல் ஒரே மைதானத்தில் ஓடக்கூடிய காலம் ஐந்தாம் வகுப்புவரைதான். அதையும் பெஞ்சில் கழித்துவிட்டால், பல பெண்களுக்கு வாழ்நாளில் ஓடிய ஞாபகமே இருக்காது.

ஷூ இல்லையா? நல்லது

ஷூ செய்கிற ஊரில் இதைச் சொன்னால் முறைப்பார்கள். ஆனாலும் சொல்ல வேண்டும். உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயதுவரை உள்ள 2,300 இந்தியக் குழந்தைகளின் பாதங்களைச் சோதித்து 1992-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலணி அணிந்தவர்களில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 பேருக்குத்தான். அதிலும் விரல்களை மூடும் ஷூ போட்டவர்களிடம் அதிகம். செருப்பு போட்டவர்களிடம் குறைவு. பாதத்தின் வளைவு உருவாகிற வயதில், காலுக்கு மண்ணைத் தொடும் வேலை தேவைப்படுகிறது.

எனவே வெள்ளை ஷூ போட்டு வரவில்லை என்று ஒரு பிள்ளையை வேப்பமரத்தடியில் உட்கார வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஷூவுக்குச் செலவழிக்கும் கவனத்தைத் தரைக்குக் கொடுக்கலாம். கண்ணாடிச் சில்லு, முள், பிளேடு பொறுக்கப்பட்ட தரை வேண்டும். இந்த வட்டாரத்தில் கூடுதலாக ஒரு கேள்வியும் உண்டு: மைதானத்தை நிரப்பிய மண் எங்கிருந்து வந்தது? தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நாடறிந்தது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேடு இன்னும் தீராத தலைவலி. லாரி சும்மா கொட்டிவிட்டுப் போகும் மண்ணைப் பள்ளி வாங்கக் கூடாது. ஆடி முடித்ததும் சோப்பு போட்டுக் கையும் காலும் கழுவுவதைப் பழக்கமாக்க வேண்டும்.

60 நிமிடம் எப்படிச் சேரும்?

ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரில் செயின்ட் நினியன்ஸ் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை எலைன் வைலி, 2012-ல் ஓர் எளிய காரியம் செய்தார். தினமும் 15 நிமிடம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வெளியே போய், நடக்கவோ ஓடவோ விட்டார். சீருடை மாற்ற வேண்டாம், பந்தயம் இல்லை, பரிசு இல்லை. அது பல நாடுகளுக்குப் பரவியது. இங்கே அதற்கு ஏற்ற நேரம் காலை வணக்கக் கூட்டம் முடிந்தவுடன். வேலூர் வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடலாம். 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம் உள்ள சின்ன மைதானத்தை ஒரு சுற்று சுற்றினால் 130 மீட்டர். பத்துச் சுற்று போனால் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல். சாப்பிட்ட உடனே ஓட வேண்டாம்; முதல் இரண்டு சுற்று நடை.

பாடத்துக்கு நடுவே ஐந்தைந்து நிமிடமாக இரண்டு முறை. தரையில் சுண்ணாம்பால் எண்கோடு போட்டு, ‘ஏழில் நில், மூன்று பின்னால் குதி’ என்றால் கழித்தல் கணக்கும் முடியும், காலும் அசையும். பாண்டிக் கட்டத்துக்குள் எழுத்துகளைப் போட்டால் தமிழும் அப்படியே, உருதுவும் அப்படியே. மதிய இடைவேளையில் நிழல் பார்த்துப் பத்து நிமிடம். கடைசி பீரியடில் 25 நிமிடம் ஆட்டம். கூட்டிப் பாருங்கள்: 15, 10, 10, 25. அறுபது வந்துவிட்டது.

எந்த ஆட்டம் என்பதில் கவனம் வேண்டும். கிரிக்கெட்டில் இருவர் ஆட, மற்றவர்கள் நிற்கிறார்கள். கோகோவில்கூட விரட்டும் அணியில் எட்டுப் பேர் குந்தியிருக்கிறார்கள். ‘அவுட் ஆனவன் ஓரமா போ’ என்ற விதி உள்ள எந்த ஆட்டத்திலும் முதலில் வெளியேறுவது மெதுவாக ஓடும் பிள்ளை. அதாவது, ஓட்டம் அதிகம் தேவைப்படும் பிள்ளை. கிளித்தட்டு, கல்லா மண்ணா, ஓடிப் பிடித்தல் இவற்றில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. அவுட் ஆனவர் பத்து முறை குதித்துவிட்டுத் திரும்ப வரலாம் என்று விதியை மாற்றினால் போதும். ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் சமாளிப்பது வகுப்பறையில் பெரிய பாரம். மைதானத்தில் அதுவே வசதி: ஐந்தாம் வகுப்பு அக்கா ஒன்றாம் வகுப்புத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள்.

கணியம்பாடி பக்கத்தில் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். ஓய்வு பெற்றவர்களை அழைத்து டிரில் சொல்லித்தரச் சொல்லலாமே என்று தோன்றும். அழைக்கலாம், மைதானத்தைச் சமன் செய்யவும், கயிறு திரித்துத் தரவும், துணைக்கு நிற்கவும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அட்டென்ஷன் வேண்டாம். சென்னையில் ஹாரி குரோ பக் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி நூறாண்டு கடந்த பிறகும், உடற்கல்வி என்றால் வரிசையில் நிற்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சத்துவாச்சாரியிலிருந்து போய் 2014-லும் 2018-லும் காமன்வெல்த்தில் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கத்தின் படத்தைச் சுவரில் மாட்டுவது நல்ல காரியம்தான். படத்துக்குக் கீழே பிள்ளைகள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் என்ன பயன்?

இதற்கெல்லாம் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை, அரசாணைக்கும் காத்திருக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் சுண்ணாம்பையும் குடிதண்ணீரையும் பற்றிப் பேசி முடித்ததும், ஒரு தாய் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘நேத்து என் பொண்ணு எத்தனை நிமிஷம் ஓடினா?’ பதில் சொல்ல முடியாத பள்ளி, மறுநாள் காலையிலிருந்து கணக்கு வைக்க ஆரம்பித்துவிடும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: ஒரே தெருவில் தமிழ் வழி, உருது வழி என இரண்டு பள்ளிகள்; பிள்ளைகள் எந்த வாசலில் நுழைகிறார்கள், ஏன்?