கேசட்டுக்கென்றே எடுத்த கொலைப் படம்



மலருக்குக் கட்டுரை கேட்டதும் நம்ம பசங்க பலரும் சோலார், ரோபோ, ஆப்டிகல் ஃபைபர் என்று ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பிடித்தது ஒரு கொலைப் படம்! "டேய், பிரின்சிபால் படிக்கிற மலர்டா!" என்று பக்கத்து பெஞ்ச் நண்பன் பயமுறுத்தினான். பயப்பட வேண்டாம். இதில் கொலையைவிட எலெக்ட்ரானிக்ஸ்தான் அதிகம். கொஞ்சம் எங்க அப்பாவும் இருக்கிறார்.

படத்தின் பெயர் 'பிளட் கல்ட்'. 1985-இல் வந்தது. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் எடுத்தார்கள். இயக்குநர் கிறிஸ்டோபர் லூயிஸ். மொத்தச் செலவு 27,000 டாலர். படப்பிடிப்பு 9 நாள். தியேட்டருக்காக எடுத்த படம் இல்லை இது. வீட்டில் வி.சி.ஆரில் போட்டுப் பார்க்கும் கேசட்டுக்கென்றே எடுத்தது. 'வீட்டு வீடியோவுக்காகவே எடுக்கப்பட்ட முதல் படம்' என்று விளம்பரமும் செய்தார்கள்.

அந்த 'முதல்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1982-இல் 'போர்டிங்ஹவுஸ்' என்ற திகில் படத்தை வீடியோவில் எடுத்து, பிறகு ஃபிலிமுக்கு மாற்றித் தியேட்டரில் விட்டிருக்கிறார்கள். 1983-இல் டேவிட் பிரையர் என்பவர் 'ஸ்லெட்ஜ்ஹாம்மர்' என்ற கொலைப் படத்தை வீடியோவிலேயே எடுத்தார். அவருடைய சகோதரர் டெட் பிரையர்தான் கதாநாயகன். ஆனாலும் கேசட்டை மட்டுமே குறிவைத்து, அதையே தண்டோரா போட்டு விற்றதில் 'பிளட் கல்ட்'டுக்குத் தனிப் பெயர் உண்டு.

ஸ்லாஷர் என்றால் என்ன?

ஒரு கொலைகாரன். கையில் கத்தியோ கோடாலியோ இருக்கும். முகம் தெரியாது. இளவட்டங்கள் தங்கியிருக்கும் இடமாகப் பார்த்து ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவான். கடைசியில் பெரும்பாலும் ஒரு பெண் மட்டும் தப்பிப்பாள். இந்தச் சூத்திரத்துக்குப் பெயர்தான் ஸ்லாஷர். 1978-இல் ஜான் கார்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்' இதைப் பெரிய வியாபாரமாக ஆக்கியது. அதன் செலவு 3 லட்சம் டாலருக்குச் சற்று மேல். அதில் கொலைகாரன் போட்டிருப்பது கடையில் வாங்கிய ஒரு நடிகரின் முகமூடி. வெள்ளை பெயின்ட் அடித்து அதைப் பயங்கரமாக்கிவிட்டார்கள்! 1980-இல் 'ஃபிரைடே தி தர்ட்டீன்த்' வந்து ஓடியதும் ஆளாளுக்கு இறங்கிவிட்டார்கள். நட்சத்திரம் வேண்டாம், செட் வேண்டாம். ஒரு வீடு, நாலு பேர், ஒரு கத்தி போதும்.

'பிளட் கல்ட்' கதையும் இதுதான். ஒரு கல்லூரியில் மாணவிகள் வரிசையாகக் கொல்லப்படுகிறார்கள். உடலில் ஒரு பாகம் காணாமல் போகிறது. அந்த இடத்தில் நாய் முகம் பொறித்த தங்கப் பதக்கம் கிடக்கிறது. வயதான ஷெரீஃப் ஒருவர் துப்புத் துலக்குகிறார். முடிவைச் சொல்ல மாட்டேன்.

இந்தப் படம் நல்ல படமா என்று கேட்டால், இல்லை. நடிப்பு பள்ளி ஆண்டு விழா நாடகம் மாதிரி இருக்கிறது. பெண்களைத் துரத்திக் கொல்வதையே வேடிக்கையாக்கும் வழக்கம் இந்த வகைப் படங்கள் முழுக்க இருக்கிறது. என்னோடு உட்கார்ந்து பார்த்த வகுப்புத் தோழி ஒருத்தி, "சாகிறதுக்குன்னே எங்களைக் கூப்பிட்டு நடிக்க வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்து போய்விட்டாள். அவள் சொன்னது நியாயம். என்னை உட்கார வைத்தது கதை இல்லை, அந்தச் செலவுக் கணக்குதான். 'ஹாலோவீன்' செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் ஒரு முழுநீளப் படத்தை எப்படி முடித்தார்கள்?

ஃபிலிமும் டேப்பும்

35 மி.மீ. ஃபிலிமில் 1,000 அடி ரோல் சுமார் 11 நிமிஷம்தான் ஓடும். அதை விலைக்கு வாங்க வேண்டும், லேபுக்கு அனுப்பிக் கழுவ வேண்டும், பிரிண்ட் போட வேண்டும். ஷாட் சரியாக வந்ததா என்பது கழுவிப் பார்த்தால்தான் தெரியும். தப்பாக வந்தால் அத்தனை காசும் போச்சு.

டேப்பில் இந்தத் தொல்லை இல்லை. எடுத்த உடனே ரீவைண்ட் செய்து பார்க்கலாம். பிடிக்கவில்லையா, அதன் மேலேயே மறுபடி எடுக்கலாம். லேப் செலவு கிடையாது. சோனி கம்பெனி 1982-இல் பீட்டாகேம் என்ற முறையைக் கொண்டுவந்தது. டி.வி. செய்தியாளர்களுக்காக வந்தது அது. கேமராவும் ரெக்கார்டரும் ஒன்றாகச் சேர்ந்து தோளில் ஏறிக்கொள்ளும். டேப்பின் அகலம் அரை அங்குலம். வெளிச்ச சிக்னலையும் நிற சிக்னலையும் தனித்தனித் தடங்களில் பதிவதால், வீட்டு வி.எச்.எஸ்ஸைவிடப் படம் தெளிவு. டல்சாக்காரர்கள் எடுத்தது இந்த பீட்டாகேமில்தான். செய்தி எடுக்கும் கருவியில் கதை எடுத்தார்கள்.

கடைக்காரர் கணக்கு

எடுத்த படத்தை விற்க வேண்டாமா? அங்கேதான் நேரம் கைகொடுத்தது. டி.வி. நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது குற்றமில்லை என்று 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சோனி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வி.சி.ஆர். வீடு வீடாக ஏறியது. தெருவுக்குத் தெரு வாடகைக் கடை முளைத்தது. அந்த நாட்டுச் சட்டப்படி, கடைக்காரர் ஒரு கேசட்டை ஒருமுறை காசு கொடுத்து வாங்கிவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் வாடகைக்கு விடலாம். ஒரு கேசட் 60 டாலர், ஒரு நாள் வாடகை 3 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பேர் எடுத்துப் போனால் போட்ட காசு வந்துவிடும். இருபத்தோராவது ஆளிடமிருந்து லாபம்!

தயாரிப்பாளர் பக்கமும் போட்டுப் பார்ப்போம். கேசட்டுக்கு 30 டாலர் அவர் கைக்கு வந்ததாக ஒரு பேச்சுக்கு வைத்தால், 900 கேசட் விற்றாலே 27,000 டாலர். பிரதி போடும் செலவைத் தனியாகச் சேர்த்தாலும், அத்தனை பெரிய நாட்டில் இது ஒரு கணக்கா? கடைக்காரர்களுக்கு அலமாரி நிரம்ப வேண்டும். பெரிய கம்பெனிப் படங்கள் அதற்குப் போதவில்லை. மேல் அட்டையில் இரத்தம் சொட்டும் ஓவியம் இருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு எவராவது எடுத்துப் போவார்கள். யார் வாங்குவார் என்பதை முதலில் பார்த்து, அதற்கு ஏற்ற செலவில் பொருளைச் செய்திருக்கிறார்கள். நமக்கு மேனேஜ்மென்ட் பாடத்தில் வருகிற விஷயம்தான்.

"இது கல்யாண கேசட்டுல்ல!"

போன லீவில் சாத்தூர் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தபோது, மொபைலில் இந்தப் படத்தை மறுபடி ஓடவிட்டிருந்தேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்த அப்பா சொன்னார்: "என்னய்யா இது, கல்யாண கேசட்டு மாதிரில்ல இருக்கு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அதுதான் சரியான விடை!

ஃபிலிம் கேமரா நொடிக்கு 24 படம் எடுக்கும். அந்தக் கால அமெரிக்க வீடியோ நொடிக்கு 30 படம். ஒவ்வொரு படத்துக்கும் 525 வரி. ஆனால் அந்த வரிகளை ஒரே மூச்சில் வரைவதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள், பிறகு இரட்டைப்படை வரிகள். ஆக நொடிக்கு 60 அரைப்படம். ஒவ்வொரு அரைப்படமும் வேறு வேறு கணத்தில் பதிவானது. நம் நாட்டு பால் முறையில் 625 வரி, 50 அரைப்படம். அசைவை நொடிக்கு 24 தடவை பிடித்தால் அதில் ஒரு சின்னக் கனவுத்தனம் ஒட்டிக்கொள்கிறது. நம் கண் அதை 'சினிமா' என்று பழகிவிட்டது. 50, 60 தடவை பிடித்தால் வழுவழுவென்று நேரில் பார்ப்பதுபோல் இருக்கும். செய்தி, கிரிக்கெட், கல்யாணம் எல்லாம் நாம் அப்படிப் பார்த்தவை. அதனால்தான் கொலைகாரன் வரும்போதும் அப்பாவுக்குப் பந்தி பரிமாறும் ஞாபகம் வந்திருக்கிறது!

இன்னொன்று வெளிச்சம். ஜன்னல் வெயிலையும் அறை நிழலையும் ஃபிலிம் ஒன்றாகத் தாங்கும். அந்தக் கால வீடியோ தாங்காது. ஜன்னல் வெள்ளையாக எரிந்துபோகும், இல்லையென்றால் முகம் கறுத்துப்போகும். இருட்டில் கெயினைக் கூட்டினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். அதனால் முன்னாலிருந்து லைட்டை நேராக அடிப்பார்கள். முகம் தெரியும், நிழல் செத்துப்போகும். பேய்ப் படத்துக்கும் கொலைப் படத்துக்கும் நிழல்தானே உயிர்!

இதை அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "அந்த லைட்டைப் பிடிச்சவன்கிட்டயே சொல்றியா?"

எங்க அப்பா எட்டாவது வரை படித்தவர். 90-களின் நடுவில், இப்போது எனக்கு இருக்கும் வயசில், கல்யாண வீடியோவுக்கு லைட் பிடிக்கப் போனார். 1,000 வாட் ஹாலஜன் லைட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கேமராக்காரர் பின்னாலேயே முகூர்த்தத்திலிருந்து பந்தி வரை நடக்க வேண்டும். கடைசிப் பந்தியில்தான் சாப்பாடு. ஒருநாள் புது பல்பை வெறும் கையால் மாட்டியிருக்கிறார். தாலி கட்டுகிற நேரம் பல்பு படாரென்று வெடித்துவிட்டது. அன்றைய கூலியோடு அடுத்த இரண்டு கல்யாணக் கூலியும் பிடித்தம். "கையால தொட்டா வெடிக்கும்னு அப்புறந்தான் சொன்னாங்க. ஏன்னு யாரும் சொல்லலை" என்றார்.

ஏன் என்று நான் சொன்னேன். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு குவார்ட்ஸ் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பல்பு காயும்போது அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறிப் பலவீனப்படும். பிறகு வெடிக்கும். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "முப்பது வருசம் கழிச்சு இப்பத்தான் தெரியுது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவாவது நான் பாலிடெக்னிக் சேர்ந்தது சரி என்று தோன்றியது.

ஒரு ஏமாற்றம்

கட்டுரைக்காக மேலும் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இயக்குநர் கிறிஸ்டோபர் லூயிஸின் அம்மா லோரெட்டா யங். 1947-இல் வந்த 'தி ஃபார்மர்ஸ் டாட்டர்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய ஹாலிவுட் நடிகை! எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நம்மைப் போல ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்தவர் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். 27,000 டாலரும் டல்சாவில் யாரோ போட்ட காசுதானே! 'மனசு இருந்தால் போதும், யாரும் படம் எடுக்கலாம்' என்று எழுத வைத்திருந்த கடைசிப் பத்தியை அடித்துவிட்டேன். அது பொய்யாகியிருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் அடிக்க வேண்டியதில்லை. அவர் அடுத்தடுத்து 1985-இல் 'தி ரிப்பர்', 1986-இல் 'ரிவெஞ்ச்' என்று எடுத்தார். 'ஸ்லெட்ஜ்ஹாம்மர்' எடுத்த டேவிட் பிரையர் 1987-இல் தன் சகோதரரையே கதாநாயகனாக வைத்து 'டெட்லி ப்ரே' எடுத்தார்; பிறகும் பல வருஷம் சண்டைப் படங்கள் எடுத்துக்கொண்டே இருந்தார். இவர்கள் யாரும் பெரிய கலைஞர்கள் என்று நான் சொல்லவில்லை. தங்கள் கையில் இருந்த கருவி எதைச் செய்யும் என்று தெரிந்து வேலை செய்தார்கள். கேசட் போய், டிவிடி போய், இன்று நம் பையில் கிடக்கும் மொபைல் அந்த பீட்டாகேமைவிடத் தெளிவாகப் படம் எடுக்கிறது. கருவி மலிவாகிவிட்டது. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது மட்டும் தானாக வராது. அதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

எங்க அப்பாவுக்கு லைட் பிடிக்கத் தெரிந்தது. ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. கேமரா அவர் கைக்குக் கடைசி வரை வரவே இல்லை. இப்போது காலண்டர் பண்டல் ஏற்றி இறக்குகிறார். நமக்கு அந்த 'ஏன்' மூன்று வருஷம் சும்மா கிடைக்கிறது, லேப்பில், ரெக்கார்ட் நோட்டில். அதை நாம் காப்பியடித்துக் கழித்துக்கொண்டிருக்கிறோம். நானும்தான்!

முதலாம் ஆண்டு சேரும்போது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, கேட்கவும் வெட்கம். இந்த மலர் வந்ததும் ஒரு பிரதி ஊருக்குக் கொண்டுபோவேன். இந்தப் பக்கத்தை எடுத்து அப்பாவைப் படிக்கச் சொல்வேன். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பார். பரவாயில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு மாணவன்