உங்களுக்குத் தெரியுமா? தசைக்குள் வளரும் கருப்பைப் படலம்

கருப்பையின் உட்பக்கப் படலம் மாதாமாதம் தடித்து, உதிர்ந்து வெளியேறும். அதே வகைத் திசு கருப்பையின் தசைச் சுவருக்குள் வளர்வதுதான் அடினோமயோசிஸ். அங்கேயும் அது ஹார்மோன்களுக்கேற்ப வீங்குகிறது. கசியும் ரத்தத்துக்கோ வெளியேற வழியில்லை. தசை தடித்துக் கருப்பை பெரிதாகிறது. உயிர்போகும் வலி, கட்டி கட்டியாக உதிரப்போக்கு, அதைத் தொடரும் ரத்தசோகை எல்லாம் இதனால்தான். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

வியன்னாவின் நோய்க்கூறியல் மருத்துவர் கார்ல் ஃபான் ரோகிடான்ஸ்கி 1860-இல் இதை விவரித்தார். ஆனாலும் வெகுகாலம், அகற்றிய கருப்பையை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே நோய் உறுதியாயிற்று. அதுவரை எத்தனை பெண்கள் ‘எல்லாருக்கும் இருக்கிற வலிதானே’ என்ற பதிலோடு திரும்பியிருப்பார்கள்! இன்று பிறப்புறுப்பு வழி அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இது புற்றுநோய் அல்ல. மெஃபனமிக் அமிலம் வலியையும் டிரானெக்ஸாமிக் அமிலம் உதிரப்போக்கையும் குறைக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் கருப்பைச் சாதனம் பலருக்கு ஆண்டுக்கணக்கில் நிவாரணம் தருகிறது. கருப்பையை அகற்றுவது முழுத் தீர்வுதான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே அதைச் சொன்னால், மற்ற வழிகளைத் தயங்காமல் கேளுங்கள். மாதவிடாய் நின்றபின் தொல்லை பெரும்பாலும் அடங்கும். குழந்தை வேண்டுமென்றால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சிகிச்சையே மாறும்.