சீன வாளின் நகல்: தரம் அறிவது எப்படி?

சுவரில் மாட்டி அழகு பார்க்கும் வாளும், கையில் எடுத்துச் சுழற்றிப் பயிலும் வாளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். இரண்டிலும் பளபளக்கும் அலகு உண்டு. டிராகன் பொறித்த பிடி உண்டு. பட்டுக் குஞ்சலமும் உண்டு. ஆனால் முதல் வகையை இரண்டாம் வகை என்று நம்பி ஒருவர் பலமாக வீசினால் என்ன ஆகும்? பிடி அவர் கையிலேயே இருக்கும். அலகு மட்டும் முறிந்து பறந்து செல்லும். எதிரே நிற்பவர் உடன் பயிலும் மாணவராக இருக்கலாம். வேடிக்கை பார்க்க வந்த சிறுவனாகவும் இருக்கலாம். ஆகவே, நகல் வாளின் தரத்தை அறிவது கலை ரசனையைப் பற்றிய பேச்சு மட்டுமன்று.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. ஓர் அளவுகோல், ஒரு தராசு, வினாடி முள் உள்ள ஒரு கடிகாரம், ஒரு சிறிய அரம் ஆகியவை போதும். கூடவே பள்ளியில் படித்த இயற்பியலும் சிறிது வேண்டும்.

இருவகை வாள்கள்

சீன வாள்களை இரு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம். நேராகவும் இருபுறமும் கூராகவும் இருப்பது ‘ஜியன்’. ஒருபுறம் மட்டும் கூர் உடையது ‘தாவ்’. இது பெரும்பாலும் வளைந்திருக்கும். செஜியாங் மாநிலத்தில் உள்ள லுங்ச்சுவான் என்ற ஊர் வாள் தொழிலுக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. அங்குள்ள வாள் அடிக்கும் முறையைச் சீன அரசு 2006-இல் தேசிய மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. இன்று அவ்வூரிலும் பிற இடங்களிலும் மலிவான அலங்காரப் பொருள் முதல் தேர்ந்த கைவினைஞரின் படைப்பு வரை எல்லாத் தரத்திலும் நகல்கள் செய்யப்படுகின்றன.

நல்ல வாளின் அடிப்படை விதியைச் சுங் யிங்ஷிங் என்ற அறிஞர் 1637-இல் வெளியிட்ட ‘தியன்கோங் கைவூ’ என்னும் தொழில்நுட்ப நூலிலேயே காணலாம். சிறந்த வாளுக்கு வெளியே பலமுறை அடித்துத் தூய்மை செய்த எஃகும், உள்ளே எலும்புபோல மென்மையான இரும்பும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓங்கி அடிக்கும்போது வாள் ஒடிந்துவிடும் என்கிறார் அவர். கூர் நிலைக்க வேண்டுமானால் கடினம் வேண்டும். ஒடியாமலிருக்கக் கெட்டித்தன்மை வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைகிறது. இந்த இரண்டுக்கும் இடையே சமரசம் காண்பதே வாள் செய்பவரின் திறமை. அச் சமரசம் சரியாக நடந்திருக்கிறதா என்பதைத்தான் நாம் சோதிக்கப் போகிறோம்.

எடையைவிட எடைப் பங்கீடு முக்கியம்

கடையில் வாளைத் தூக்கிப் பார்ப்பவர், “நல்ல கனம்! அசல் போலவே இருக்கிறது” என்று மகிழ்வதுண்டு. உண்மையில் கனம் நல்ல அடையாளமே அன்று. பழைய ஜியன்களில் பல, ஒரு கிலோகிராமுக்கும் குறைவான எடை உள்ளவை.

மலிவான நகலின் அலகு ஒரே பருமனுள்ள தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது. நல்ல வாளின் அலகோ பிடியின் அருகே தடித்தும், நுனியை நோக்கிச் செல்லச் செல்ல மெலிந்தும் இருக்கும். வாளின் முதுகை மேலிருந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும். காலிப்பர் இருந்தால் பிடியருகிலும், நடுவிலும், நுனியருகிலும் பருமனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த மெலிவு எதற்கு? ஓர் எளிய கணக்குப் பாருங்கள். அகலம் மாறாத ஓர் அலகின் பருமன், நுனியில் மூன்றில் ஒரு பங்காகும்படி சீராகக் குறைவதாகக் கொள்வோம். அதன் எடை மூன்றில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் பிடி முனையைப் பற்றிச் சுழற்றும்போது அதன் நிலைமத் திருப்புத்திறன் சரிபாதியாகக் குறைந்துவிடும்! சுழற்சியில் தொலைவின் இருமடி கணக்கில் வருவதால், நுனியில் நீக்கும் ஒவ்வொரு கிராமும் பெரும் பலன் தருகிறது. நுனியில் வளைவு விசையின் திருப்புத்திறன் மிகக் குறைவு என்பதால் அங்கே தடித்த எஃகு தேவையும் இல்லை.

ஊசல் சோதனை

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். முதலில் வாளை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாளை உறையிலிருந்து எடுத்து, ஓர் அளவுகோலின் விளிம்பில் கிடையாக வைத்துச் சமனாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதுவே ஈர்ப்பு மையம். கைக்காப்பிலிருந்து அதன் தொலைவை அளவிடுங்கள்.

அடுத்து, கைக்காப்பை ஒட்டிய இடத்தை இரு விரல்களால் தளர்வாகப் பற்றி, நுனி கீழே இருக்குமாறு வாளைத் தொங்கவிட்டுச் சிறிதளவு ஆட்டிவிடுங்கள். 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைப் பார்த்து, அதிலிருந்து ஓர் அலைவு நேரத்தைக் கணக்கிடுங்கள். அந்த வினாடி எண்ணை அதனாலேயே பெருக்கி, மீண்டும் 25-ஆல் பெருக்கினால், இதே நேரத்தில் ஆடும் தனி ஊசலின் நீளம் ஏறத்தாழச் செ.மீ. அளவில் கிடைக்கும். பிடியிலிருந்து அத் தொலைவில் உள்ள புள்ளியில் அடி விழுந்தால், பற்றியிருக்கும் இடத்தில் உதறல் இராது.

எடை, ஈர்ப்பு மையத் தொலைவு, ஊசல் நீளம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் நிலைமத் திருப்புத்திறன் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, நுனி மெலிந்த வாள் ஒன்றின் எடை 800 கிராம், ஈர்ப்பு மையம் 16 செ.மீ., ஊசல் நீளம் 54 செ.மீ. என்போம். பெருக்கினால் ஏறத்தாழ 6.9 லட்சம். அதே நீளமும் அதே பிடியும் கொண்டு, மெலிவு இல்லாத வாளின் எடை 1,050 கிராம், ஈர்ப்பு மையம் 23 செ.மீ., ஊசல் நீளம் அதே 54 செ.மீ. பெருக்கினால் ஏறத்தாழ 13 லட்சம்! எடை மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை. சுழற்றும் சிரமமோ ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. நடுவழியில் நிறுத்த நினைத்தாலும் அந்த வாள் நிற்காது. மணிக்கட்டு சுளுக்கிக்கொள்வது இப்படித்தான்.

வளைத்துக் காட்டுவதில் உள்ள சூது

விற்பனையாளர் வாளை வில்லாக வளைத்துக் காட்டி, “எப்படி வளைகிறது பாருங்கள்! உயர்ந்த எஃகு!” என்பார். இதில் பாதிதான் உண்மை. எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 2 × 10¹¹ நியூட்டன்/மீ² ஆகும். தோய்ச்சல் போட்ட எஃகுக்கும் போடாத எஃகுக்கும் இதில் பெரிய வேறுபாடில்லை. அப்படியானால் ஒரு வாள் எளிதாக வளைவது ஏன்? அது மெல்லியது என்பதால்தான். பருமன் பாதியானால் வளைவுக்குக் காட்டும் எதிர்ப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். மேடைக்காட்சிக்கான வாள்களைத் தகடுபோல் மெல்லியதாகச் செய்வதும், அவை சலசலவென்று ஒலிப்பதும் இதனாலேயே. அவை தம் வேலைக்கு ஏற்றவை. ஆனால் பழைய போர்வாளின் நகல் ஆகமாட்டா.

வளைத்த பிறகு வாள் நேராகத் திரும்புகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தோய்ச்சல் போட்டுப் பதம் பார்த்த எஃகின் மீட்சி எல்லை உயர்ந்தது. அது பழைய நிலைக்குத் திரும்பும். தோய்ச்சல் போடாதது கோணலாகவே நின்றுவிடும். தோய்ச்சல் மட்டும் போட்டு, மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தாமல் விட்டதோ கண்ணாடிபோல் ஒடியும். ஆகவே நுனியை மரப்பலகையில் ஊன்றிச் சில சென்டிமீட்டர் மட்டும் வளைத்துவிட்டு, முதுகின் நேர்மையைக் கண்ணால் பாருங்கள். முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் எவரும் நிற்க வேண்டாம்.

கூரின் கடினத்தை அறிய அரம் போதும். விற்பவரின் அனுமதியோடு, பிடியை ஒட்டிய மறைவான இடத்தில் அரத்தை மெல்ல இழுங்கள். அரம் வழுக்கிச் சென்றால் கூர் கடினமானது. கடித்து இழுத்தால் அங்கே தோய்ச்சல் ஏறவில்லை. கூர் முழுதும் கடினமாகவும், உடல் அதைவிடச் சற்று மென்மையாகவும் இருந்தால் நல்லது. காந்தம் ஒட்டுகிறது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம். அலங்கார வாள்களுக்குப் பயன்படும் எவர்சில்வர் எஃகு வகைகளில் பலவும் காந்தத்தில் நன்றாகவே ஒட்டும்.

கண்ணுக்குத் தெரியாத வால்

உயிருக்கு ஆபத்து ஒளிந்திருக்கும் இடம் பிடியின் உள்ளே இருக்கிறது. நல்ல வாளில் அலகின் எஃகே அகன்ற வாலாக நீண்டு, பிடி முழுதும் ஊடுருவி, கடைசிக் குமிழில் அறைந்து பொருத்தப்பட்டிருக்கும். அலங்கார வாள்களில் பெரும்பாலும் அலகின் முடிவில் ஒரு திருகு கம்பியைப் பற்றவைத்து, மறுமுனையில் நட்டு முடுக்கிவிடுவார்கள்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 20 மி.மீ. அகலமும் 6 மி.மீ. பருமனும் உள்ள வால், வெட்டும் திசையில், 6 மி.மீ. விட்டமுள்ள கம்பியைப்போல் ஏறக்குறைய 19 மடங்கு வளைவைத் தாங்கும். கம்பி பற்றவைத்த இடம் அதிலும் பலவீனமானது. வால் தொடங்கும் மூலை செங்கோணமாக வெட்டப்பட்டிருந்தால் தகைவு முழுவதும் அங்கே குவிந்து விரிசல் தொடங்கும். சற்றே வளைத்து வெட்டியிருந்தால் தகைவு பரவிவிடும்.

இதை எப்படிப் பார்ப்பது? பிடியைக் கழற்ற முடிந்தால் கழற்றிப் பாருங்கள். முடியாவிட்டால், பிடி பொருத்துமுன் எடுத்த படத்தைச் செய்தவரிடம் கேளுங்கள். வாளைக் குலுக்கும்போது பிடிக்குள் ஓசை கேட்டாலோ, அலகைத் தட்டும்போது நாதமின்றி ‘சளக்’ என்றாலோ அதைச் சுழற்ற வேண்டாம்.

பிடியின் உலோகத்தையும் கவனியுங்கள். பித்தளை என்று சொல்லித் துத்தநாகக் கலவை வார்ப்புக்கு முலாம் பூசித் தருவதுண்டு. கழற்றக்கூடிய கைக்காப்பை நூலில் கட்டிக் காற்றிலும் நீரிலும் நிறுத்துப் பாருங்கள். காற்றில் 170 கிராம், நீரில் 150 கிராம் என்றால் அடர்த்தி 170/20 = 8.5, பித்தளைதான். அதே பருமனளவுள்ள காப்பு 134 கிராமே நிறுத்தால் அடர்த்தி 6.7, அது துத்தநாகக் கலவை. அடிபட்டால் அது எளிதில் விரிசல் விடும்.

அலைக்கோலமும் பழங்கதையும்

அலகில் தெரியும் நீரலை போன்ற கோலம் பலரை மயக்குகிறது. எஃகை 10 முறை மடித்து அடித்தால் 1,024 அடுக்குகள் உண்டாகும், 7 மி.மீ. அலகில் ஓரடுக்கு 7 மைக்ரான் அளவே இருக்கும். 11-ஆம் நூற்றாண்டில் ஷென் குவோ என்ற அறிஞர், எஃகைக் காய்ச்சி அடிக்குந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை இனிக் குறையாது என்னும் நிலை வந்தால் அதுவே தூய எஃகு என்று எழுதியிருக்கிறார். அக் காலத்தில் மடித்தடிப்பது கசடு நீக்கும் வழியாக இருந்தது. இன்றைய ஆலை எஃகில் அத்தகைய கசடு மிகக் குறைவு. ஆகவே கோலம் அழகுக்கே. அடுக்குகள் சரியாக ஒட்டாவிட்டால் அதுவே குறையாகவும் முடியும்.

கோலம் போலியா என்று அறிய, மறைவான ஓரிடத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, எலுமிச்சைச் சாற்றைத் தடவிச் சிறிது நேரம் விடுங்கள். உண்மையான அடுக்குக் கோலம் மெல்லத் திரும்ப வரும். மேற்பரப்பில் அரித்து வரைந்த கோலம் திரும்பாது. சோதித்தபின் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

வெண்கல வாள் நகல்களோடு ஒரு கதையும் விற்கப்படுகிறது. 1974-இல் சீ-ஆன் அருகே கண்டெடுத்த சுடுமண் படையின் ஆயுதங்களில் குரோமியம் இருந்ததால், அன்றே குரோமிய முலாம் இருந்தது என்பார்கள். 2019-இல் வெளியான ஆய்வு, அந்தக் குரோமியம் மரப்பாகங்களின் அரக்குப் பூச்சிலிருந்து வந்தது என்றும், வெண்கலக் கலவையின் தன்மையும் அந்த மண்ணின் தன்மையுமே ஆயுதங்களைக் காத்தன என்றும் காட்டியது. கதைக்காக அதிக விலை கொடுக்காதீர்கள்.

சுருக்கமாக, வரிசை இதுதான்: முதலில் வால், அடுத்து தோய்ச்சல், பிறகு எடைப் பங்கீடு, கடைசியாக அழகு. முதல் சோதனையில் தவறிய வாளைச் சுவரில் மாட்டுங்கள். அங்கே அது எவருக்கும் தீங்கு செய்யாது. நான்கிலும் தேறிய வாளைக்கூட, ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் பிடியை அசைத்துப் பார்த்த பிறகே உயர்த்துங்கள்.