செய்வதா, வாங்குவதா, கொடுத்துச் செய்விப்பதா?

நெசவாளர் சங்கம் ஒன்று தொழிலைத் தொடங்கியதும் அதன் நிர்வாக சபையின் முன் வந்து நிற்கும் கேள்விகளுள் ஒன்று சாயத்தைப் பற்றியது. சங்கத்துக்கெனச் சொந்தச் சாயச்சாலை வைத்துக்கொள்வதா? சாயமேற்றிய நூலையே சந்தையில் விலைக்கு வாங்குவதா? அல்லது நூலைச் சாயக்காரரிடம் கூலிக்குக் கொடுத்து வாங்கிக்கொள்வதா? மூன்றுக்கும் நியாயம் உண்டு. மூன்றிலும் நஷ்டப்பட்டவர்களும் உண்டு. ஆண்டுக்கு எவ்வளவு நூல் வேண்டும், எத்தனை நிறம் வேண்டும், சாயம் போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்பனவற்றை எண்ணிப் பார்த்தே அனுபவமுள்ள அங்கத்தினர்கள் முடிவுக்கு வருவார்கள்.

இன்று இதே கேள்வி வேறொரு வடிவில் நம் சங்கங்களின் வாயிலுக்கு வந்திருக்கிறது. பேரேடும் பற்று வரவும் கணிப்பொறிக்குள் சென்றுகொண்டிருக்கின்றன. கணிப்பொறி தானாக ஒன்றும் அறியாது. அதற்கு இடப்படும் கட்டளைத் தொகுதியாகிய மென்பொருளே அதனை இயக்குகிறது. அந்த மென்பொருளை நாமே ஆள் வைத்து எழுதுவிப்பதா, கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்குவதா, வெளியார் ஒருவரிடம் முழுப் பொறுப்பையும் ஒப்படைப்பதா? பெரிய ஸ்தாபனங்கள் இக்கேள்விக்கு எவ்வாறு விடை கண்டன, எங்கே தவறின என்பதை அறிந்துகொள்வது நமக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

தாமே செய்துகொண்டவர்களின் கதையை முதலில் கூறுவோம். இங்கிலாந்தில் லயன்ஸ் என்ற கம்பெனி இருந்தது. தேநீர்க் கடைகளும் ரொட்டி, கேக் தயாரிப்பும் அதன் தொழில். பல கடைகளுக்கு நாள்தோறும் சிறு சிறு பண்டங்களை அனுப்பி, ஒவ்வொன்றிலும் மிகக் குறைந்த லாபத்தில் வாணிகம் நடத்திய அக்கம்பெனிக்குக் கணக்கெழுதும் செலவே பெரும் பாரமாக இருந்தது. 1947-ஆம் ஆண்டில் அதன் அதிகாரிகள் இருவர் அமெரிக்கா சென்று, அப்போது பிறந்துகொண்டிருந்த மின்னணுக் கணிப்பொறிகளைப் பற்றி அறிந்து வந்தனர். அலுவலகக் கணக்குக்கு ஏற்ற கணிப்பொறி அன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. ஆகவே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நடந்துவந்த கணிப்பொறி முயற்சிக்குப் பணம் கொடுத்து உதவி, அங்குக் கிடைத்த அறிவைக் கொண்டு தமக்கென ஒரு கணிப்பொறியை லயன்ஸ் கம்பெனியார் நிறுவினர். அதற்கு லியோ என்று பெயர். 1951 நவம்பரில் அது ரொட்டிச் சாலையின் உற்பத்தி மதிப்பைக் கணக்கிடத் தொடங்கிற்று. பின்னர் சம்பளக் கணக்கும் அதனிடம் வந்தது. தேர்ந்த குமாஸ்தா ஒருவர் ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட எட்டு நிமிடம் எடுத்துக்கொண்ட இடத்தில், லியோ ஒன்றரை விநாடியில் முடித்தது.

லயன்ஸ் கம்பெனியாரின் வெற்றிக்கு இயந்திரம் மட்டும் காரணமன்று. எந்தக் கணக்கு எதற்காக வேண்டும், எந்தத் தாள் யாரிடம் போகிறது என்பதைப் பல ஆண்டுகளாகவே அவர்கள் ஆராய்ந்து சீர்செய்து வைத்திருந்தார்கள். தம் வேலையைத் தாம் அறிந்திருந்ததால், கணிப்பொறிக்குச் சொல்லவும் அறிந்திருந்தார்கள். எனினும் தேநீர்க் கம்பெனி ஒன்று கணிப்பொறி உற்பத்தியை நெடுங்காலம் தாங்க இயலவில்லை. 1954-இல் அதற்கெனத் தனிக் கம்பெனி அமைத்தனர். 1963-இல் அது வேறொரு பெரிய கம்பெனியுடன் இணைந்தது. சொந்தமாகச் செய்தவன் அதனை ஆண்டுதோறும் பராமரிக்கவும் வேண்டும். அதுவே பெருஞ்செலவு என்பதை நாம் இங்கே காண்கிறோம்.

சொந்த முயற்சி பிறருக்கும் பயன்பட்ட சான்று நம் நாட்டிலேயே உண்டு. ஆலைகளுக்கும் நெசவு மில்களுக்கும் மூலப்பொருளும் இயந்திர உறுப்புகளும் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா என்பவர், தம் கணக்குக்குப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காமையால், கணிதம் பயின்ற தம் மகன் பரத் கோயங்காவைக் கொண்டு ஒன்றை எழுதச் செய்தார். 1986-இல் அதிலிருந்து தோன்றியதே இன்று சிறு கடைகள் முதல் மில்கள் வரை வழங்கும் டாலி. ஒரு குடும்பம் எழுதியதை எண்ணற்றவர்கள் இன்று விலைக்கு வாங்குகிறார்கள். எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கும் வேலைக்கு, அதாவது வரவு செலவு, இருப்பு, வரி போன்றவற்றுக்கு, ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிக்கொண்டிருப்பது வீண் செலவே.

வாங்குவதிலும் ஒரு கண்ணி உண்டு. ஜெர்மனி நாட்டின் லிட்ல் என்ற பெரும் பலசரக்குக் கடை ஸ்தாபனம், எஸ்.ஏ.பி. கம்பெனியின் மென்பொருளை அமைக்கும் வேலையை 2011-இல் மேற்கொண்டது. அந்த மென்பொருள் சரக்கிருப்பை விற்பனை விலையில் மதிப்பிடும் முறையில் அமைந்திருந்தது. லிட்ல் ஸ்தாபனத்தின் வழக்கமோ கொள்முதல் விலையில் மதிப்பிடுவது. தன் வழக்கத்தை மாற்ற ஸ்தாபனம் இசையவில்லை. மென்பொருளை வெட்டியும் ஒட்டியும் மாற்றினார்கள். ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவாயிற்று என்று பத்திரிகைகள் குறித்தன. 2018-இல் முழு முயற்சியும் கைவிடப்பட்டது. ஆயத்தச் சட்டையை வாங்குபவன் அதன் அளவுக்கு இசைய வேண்டும். இசைய முடியாதெனில் தொடக்கத்திலேயே துணி எடுத்துத் தைத்திருக்க வேண்டும். வாங்கியதைப் பிரித்துத் தைப்பதே எல்லாவற்றிலும் அதிக விலையுள்ள வழி.

மூன்றாவது வழி, கொடுத்துச் செய்விப்பது. இதிலும் நன்மை உண்டு. இங்கிலாந்தின் போர்டு மோட்டார் கம்பெனி, தன் தொழிலாளரின் சம்பளக் கணக்கை லயன்ஸ் கம்பெனியாரின் லியோவிடமே கூலிக்குக் கொடுத்துச் செய்துகொண்டது. கணிப்பொறி வாங்காமலே அதன் பயன் கிடைத்தது. ஆனால் வேலையைக் கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுக்க முடியாது. இதற்குக் கசப்பான சான்றும் அந்நாட்டிலேயே இருக்கிறது.

லியோவைச் செய்த கம்பெனி பல இணைப்புகளின் வழியே 1968-இல் ஐ.சி.எல். என்ற கம்பெனிக்குள் சேர்ந்தது. பிற்காலத்தில் அது ஜப்பானின் புஜிட்சு கம்பெனியின் வசமாயிற்று. பிரிட்டிஷ் அஞ்சல் நிலையங்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை அமைத்துக் கொடுத்தவர்கள் இவர்களே. 1999 முதல் அது வழக்குக்கு வந்தது. கிராமத்து அஞ்சல் நிலையங்களில் கையிருப்புப் பணத்துக்கும் கணிப்பொறி காட்டிய தொகைக்கும் வேறுபாடு தோன்றியபோது, நிலையத்தை நடத்தியவர்கள் மேல் திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்டது. 2015 வரையில் 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் வீடும் கடையும் இழந்தனர். பணம் காணாமற் போகவில்லை. மென்பொருளில் பிழை இருந்தது. வெளியிலிருந்தவர்கள் நிலையக் கணக்கை எட்டியிருந்தே மாற்றவும் வசதி இருந்தது. உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் பிழைகளை உறுதிசெய்தது. 2024-இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றித் தண்டனைகளை நீக்கிற்று. கணக்கைத் தாமே சரிபார்க்க வகையற்றிருந்த எளிய மனிதர்கள் இருபதாண்டுகள் கள்வர் என்ற பெயரைச் சுமந்தார்கள்.

இதை வாசிக்கும் சங்கக் காரியதரிசி ஒருவர் தம்மை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கட்டும். நெசவாளி கையிலிருக்கும் பாஸ் புத்தகம் ஒரு தொகையும் கணிப்பொறி வேறொரு தொகையும் காட்டினால், எது மெய் என்று யார் சொல்வது? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். அளப்பதற்கு வேறொருவர் கோலையே நம்பியிருப்பவன் எதை அளப்பான்?

ஆகவே நிர்வாக சபையார் தீர்மானம் செய்யுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஒன்று, இவ்வேலை எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவானதா, நமக்கே உரியதா? பொதுவானதெனில் வாங்குக; பாவு, ஊடை, டிசைன், தறிவாரிக் கூலி என்று நமக்கே உரியதெனில் நாமே செய்விக்க எண்ணுக. இரண்டு, முதல் விலையோடு ஆண்டுச் சந்தா, பழுது நீக்கம், ஆள் பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்துப் பல ஆண்டுக் கணக்குப் பார்த்தோமா? மூன்று, ஒப்பந்தம் முறிந்தால் நம் கணக்கு முழுவதும் வாசிக்கக்கூடிய வடிவில் நம் கைக்குத் திரும்புமா? நான்கு, பிழை நேர்ந்தால் அதனைக் கண்டுபிடிக்க நம்மிடம் தனிப் பதிவு உண்டா? புதியது நிலைபெறும் வரையில் பழைய பேரேட்டையும் உடன் எழுதிவருவது செலவுதான், அச்செலவு வீணாகாது.

இம்மூன்று வழிகளோடு கூடிச் செய்தல் என்ற நான்காவது வழியும் உண்டு. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2022 ஜூனில் ஏற்றுக்கொண்டது. தேசம் முழுவதற்கும் பொதுவான மென்பொருளை நபார்டு வங்கியின் பொறுப்பில் அமைப்பது அதன் ஏற்பாடு. தனித்தனியே ஒரு சங்கத்தால் ஆகாதது பல சங்கங்கள் சேர்ந்தால் ஆகும் என்பதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஆனால் பொது மென்பொருள் வந்தபின்பும், தன் கணக்கைத் தான் அறிந்து வைத்திருக்கும் கடமை ஒவ்வொரு சங்கத்துக்கும் உண்டு. சாயச்சாலை யாருடையதாயினும், நூலை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்கும் கண் நம்முடையதாக இருக்க வேண்டும்.