வாத்து சுட ஒரு ஸ்டாம்ப்!

அமெரிக்காவுல காட்டு வாத்து வேட்டைக்குப் போகணும்னா துப்பாக்கி மட்டும் போதாது மக்களே. மாநில அரசோட வேட்டை லைசென்ஸ் வேணும். 16 வயசு ஆயிட்டா, மத்திய அரசோட 'டக் ஸ்டாம்ப்'பும் வேணும். விலை 25 டாலர்.

ஸ்டாம்ப் எதுக்கு? 1930-களின் வறட்சியில் சதுப்பு நிலங்கள் காய்ந்து, வாத்துகள் வேகமாகக் குறைந்தன. அதனால் 1934-ல் இந்த ஸ்டாம்ப் வந்தது. முதல் ஸ்டாம்ப்பை வரைந்தவர் 'டிங்' டார்லிங் என்ற கார்ட்டூனிஸ்ட். அன்றைய விலை ஒரு டாலர். இன்று வசூலாகும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலங்களைக் காப்பாற்றப் போகிறது.

ஸ்டாம்ப் இருந்தாலும் இஷ்டத்துக்குச் சுட முடியாது:

* நேரம்: சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாடி தொடங்கலாம். அஸ்தமனத்தோட நிறுத்தணும்.
* துப்பாக்கி: ஒரு தடவைக்கு மூன்று தோட்டாவுக்கு மேல் போட முடியாதபடி இருக்கணும்.
* எண்ணிக்கை: ஒரு நாளைக்கு இத்தனைதான். சில இனங்களுக்குத் தனி வரம்பு. அதனால பறக்கும்போதே இனம் தெரியணும்!
* ஈயக் குண்டு: 1991 முதல் வாத்து வேட்டையில் நாடு முழுக்கத் தடை. இரையை அரைக்க வாத்து சின்னக் கற்களை விழுங்கும். சேற்றில் கிடக்கும் ஈயக் குண்டும் அதோட உள்ளே போனா விஷம்தான்.

இந்த வரம்புகள் நிரந்தரமில்லை. வாத்துகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொரு சீசனுக்கும் முடிவு செய்கிறார்கள். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குப் புரியும்: இது ஒரு ஃபீட்பேக் லூப்.

துப்பாக்கியே தொடாத பறவைப் பிரியர்களும் இந்த ஸ்டாம்ப்பை வாங்குறாங்க. அதைக் காட்டினா தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. சுடுறவர் காசும் பார்க்கிறவர் காசும் கடைசியில் சேருவது அதே வாத்தோட வீட்டுக்குத்தான்.