மீன் தொட்டி பம்ப் ஏன் இரைகிறது?

ஷா ஆலம் வரிசை வீடுகளில் வரவேற்பறையில் பெரிய மீன் தொட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே அலமாரிக்குள் 'சம்ப்' எனப்படும் இன்னொரு தொட்டி இருக்கும். மேல்தொட்டி நீர் குழாய்வழி சம்புக்கு இறங்கி, வடிகட்டப்பட்டு, பம்ப் மூலம் மீண்டும் மேலே ஏறுகிறது. பகலில் இந்தப் பம்பின் ஓசையை யாரும் கவனிப்பதில்லை. வீடு அடங்கிய பிறகோ அதே ஓசை தூக்கத்தைக் கெடுக்கும்.

அதனால் சிலர் இரவில் பம்பை நிறுத்திவிடுகிறார்கள். இது மீன்களுக்கு ஆபத்து. மீன் கழிவிலிருந்து வரும் நச்சு அம்மோனியாவை, வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவற்றுக்கு ஆக்சிஜனைக் கொண்டுவருவது ஓடும் நீர்தான். ஓட்டம் பல மணி நேரம் நின்றால் பாக்டீரியாக்கள் நலிந்துபோகும், அம்மோனியா பெருகும். ஆகவே, இரவு முழுவதும் ஓடினாலும் தொந்தரவு தராத பம்பே நமக்குத் தேவை.

கோலாலம்பூர் மாநாட்டு மையத்தின் கீழுள்ள அக்குவேரியா கேஎல்சிசி போன்ற பெரிய காட்சியகங்களிலும் நீரைச் சுழற்றுபவை பம்புகளே. பெரிய கட்டடத்தில் இயந்திரங்களுக்குத் தனி அறை ஒதுக்கலாம். வீட்டில் அந்த வசதி இல்லை.

ஓசை எங்கே பிறக்கிறது?

நம் நாட்டு வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். சாதாரண ஏசி பம்பில், ஒவ்வொரு மின் சுற்றிலும் காந்தவிசை இரண்டு முறை உச்சத்தைத் தொடுகிறது. அதனால் 100 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு எழுகிறது. பம்ப் கண்ணாடியை ஒட்டி இருந்தால் அதிர்வு அலமாரிக்கும் பரவும். வீணைத் தந்தியின் மெல்லிய அதிர்வைக் குடம் பெரிதாக்குவதுபோல, அலமாரிப் பலகை இந்த ஓசையைப் பெரிதாக்குகிறது. பலகையின் இயல்பு அதிர்வெண்ணும் 100 ஹெர்ட்ஸுக்கு அருகில் இருந்தால், படிவம் 4 இயற்பியலில் 'ரெசொனன்ஸ்' என்று படிக்கும் ஒத்ததிர்வு ஏற்பட்டு ஓசை இன்னும் கூடும்.

டிசி பம்பில் மின்னணுக் கருவி சுழல்வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. வேகத்தைக் குறைத்தால் ஓசையும் பெரும்பாலும் குறையும். ஆனால் ஓர் எச்சரிக்கை: வேகத்தைப் பாதியாக்கினால், பம்ப் நீரை ஏற்றக்கூடிய உச்ச உயரம் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். 4 மீட்டர் ஏற்றிய பம்ப் 1 மீட்டர்தான் ஏற்றும்.

எந்த அளவு?

120 × 60 × 60 செ.மீ. தொட்டியின் கொள்ளளவு 432 லிட்டர். மணல், கற்கள் போக 400 லிட்டர் நீர் என்று கொள்வோம். மணிக்கு 5 முறை சுழல வேண்டுமானால் 2,000 லிட்டர் ஓட்டம் தேவை. சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் நீர்மட்டம் வரை 1.2 மீட்டர், குழாய் உராய்வுக்காக 0.3 மீட்டர் எனச் சேர்த்தால் 1.5 மீட்டர்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஓட்டம் பெரும்பாலும் உயரமே இல்லாத நிலைக்கானது. எனவே அதை நம்பி வாங்காமல், கூடவே தரும் வரைபடத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் எத்தனை லிட்டர் வருகிறது என்று பாருங்கள்.

இந்த வேலைக்கு உண்மையில் தேவைப்படும் திறன்: 2,000 × 9.8 × 1.5 ÷ 3,600, அதாவது ஏறக்குறைய 8 வாட். 40 வாட் இழுக்கும் பம்பை நீருக்குள் வைத்தால், மீதியில் பெரும்பகுதி வெப்பமாகி நீரைச் சூடாக்கும். வெப்பமான நம் ஊரில் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பொருத்தும்போது

பம்பின் அடியில் சிலிக்கோன் விரிப்பு வையுங்கள். பம்புக்கும் குழாய்க்கும் இடையில் வளையும் சிலிக்கோன் குழாயைச் செருகுங்கள். குழாயின் உள்விட்டத்தை இரட்டிப்பாக்கினால் நீரின் வேகம் கால்பங்காகும். உராய்வும் இரைச்சலும் குறையும். காற்றை உறிஞ்சாதபடி பம்பின் வாய் நீரில் நன்கு மூழ்கியிருக்கட்டும். மின்சாரம் நின்றால் மேல்தொட்டி நீரில் ஒரு பகுதி கீழே இறங்கும். அதற்குச் சம்பில் இடம் விடுங்கள். தண்ணீரில் கை வைக்கும் முன் மின்செருகியைக் கழற்ற மறக்காதீர்கள்.

புதுப் பம்ப் வாங்குமுன் ஒரு சோதனை: உலர்ந்த உள்ளங்கையால் அலமாரிக் கதவை அழுத்துங்கள். ஓசை சட்டென்று குறைந்தால், இரைவதில் பெரும்பங்கு கதவுடையது. அதைச் சரிசெய்ய ஒரு சிறு ரப்பர் துண்டே போதுமானதாக இருக்கலாம்.